உடைந்த வளையலில் ஒரு கிண்ணம்

இலத்தூர்க் குளக்கரையில் ஒரு சூளையின் மேல் நிற்கிறேன். கையில் கடப்பாரை. வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறேன். காலடியில் சாம்பல் சுடுகிறது. செருப்புத் தோல் கருகும் நாற்றம் எனக்கே வருகிறது. கீழே இசக்கியம்மாள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்துகிறாள்.

"வாத்தியாரய்யா, எறங்குங்க! இன்னும் ரெண்டு நாளு கெடக்கணும். இப்பம் தொறந்தா உள்ள ஒண்ணும் மிஞ்சாது!"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது. பானை சுடத் தெரியாது, கண்ணாடி உருக்கத் தெரியாது, சும்மா இருக்கவும் தெரியாது. "எனக்குத் தெரியும்" என்று நான் சொன்ன இடங்களை மட்டும் வரிசையாக எழுதினால் இந்தத் தொடர் இன்னும் ஒரு வருஷம் ஓடும். பத்திரிகை ஆசிரியர் பயப்பட வேண்டாம், அப்படிச் செய்யமாட்டேன்.

கடப்பாரையை ஓங்கினேன். அது இறங்குவதற்குள், நான் ஏன் அங்கே ஏறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பறந்த டம்ளர்

ஹெட்மாஸ்டரோடு நான் போட்ட சண்டையைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு வாசகர் ஒருவர் கார்டு போட்டிருக்கிறார். "உம்மை வீட்டில் எப்படி ஐயா சகித்தார்கள்?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. சகிக்கவில்லை என்பதுதான் பதில்.

ஐம்பதுகளின் கடைசி. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் மாஸ்டர். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். என் மனைவி கோமதிக்கு ஆலங்குளம். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம், தலைப்பிள்ளை.

ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போனோம். கூட்டத்தில் அவளை நிற்க விடவில்லை. தூரத்தில் நின்று முகத்தில் சாரல் படவிட்டாள், அவ்வளவுதான். பிறகு வளையல் கடை.

சீசனுக்குச் சீசன் கடையநல்லூரிலிருந்து வந்து கடை போடுகிற மைதீன் பாய் கடை அது. கோமதி அரை மணி நேரம் வளையல் பார்த்தாள். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே நின்று பல்லைக் கடித்தேன். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று டஜன் எடுத்தாள். பாய் அதை ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் வழுவழுப்பான தாளில் சுற்றிக் கொடுத்தார்.

மறுநாள் காலை காப்பி ஆறியிருந்தது. டம்ளரை எறிந்தேன்.

சுவரைப் பார்த்துத்தான் எறிந்தேன். இதை இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன், ஏதோ அது பெரிய புண்ணியம் என்பதுபோல. டம்ளர் சுவரில் பட்டுத் திரும்பி அலமாரியில் இருந்த வளையல் பொட்டலத்தின் மேல் விழுந்தது. பொட்டலம் தரையில் விழுந்தது. பாதிக்குமேல் போயிற்று.

கோமதி அழவில்லை. அழுதிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் கத்தியிருப்பேன். அவள் குனிய முடியாமல் குனிந்து துண்டுகளைக் கூட்டி அதே தாளில் அள்ளி வைத்தாள். உடையாததைப் பெட்டியில் வைத்தாள். சேலைகளையும் வைத்தாள். ஒன்பது மணி பஸ்ஸுக்கு நடந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவன் நான்தான்.

பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாகச் சொன்னாள்.

"சாமான் பறக்குற வீட்டுல பிள்ளைய எங்கன போட்டு வளக்க? வளைகாப்புக்கு வாங்க, ஊருக்காவ. பொறவு நான் வாறதா வேண்டாமான்னு இனிமேத்தான் யோசிக்கணும்."

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளைக்கு ஐந்து மாதமானதும் திரும்புவார்கள். இவள் இரண்டு மாதம் முந்திப் போய்விட்டாள். திரும்புவாளா என்பதுதான் கேள்வி. பதில் அவள் கையில் இருந்தது. என் கையில் பெட்டியைக் கட்டிய கயிறுகூட இல்லை.

பாதிப் பக்கம்

வீட்டுக்கு வந்து உடைந்த வளையலைக் குப்பையில் கொட்டப் போனேன். அப்போதுதான் அந்தத் தாளைப் பார்த்தேன்.

அதில் ஒரு கிண்ணத்தின் வண்ணப்படம். இரண்டு உள்ளங்கையைக் குவித்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருக்கும். உடம்பு முழுக்கச் சின்னச் சின்னப் பூக்கள். நீலத்தில் மஞ்சள் வட்டம், அதற்குள் வெள்ளைச் சுருள். விளிம்பில் நூல் முறுக்கியதுபோல் ஒரு கரை. வர்ணம் தீட்டியது என்று நினைத்தேன். ஓவியப் படிப்புப் படித்தவன் அல்லவா, எதைப் பார்த்தாலும் தூரிகைதான்.

கீழே இங்கிலீஷில் எழுதியிருந்ததை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். வர்ணம் இல்லை, கண்ணாடி. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய கிரேக்கர் வேலை. கண்ணாடியைக் குழலில் ஊதும் வித்தை அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் வேறு வழியில் போயிருக்கிறார்கள். பல நிறக் கண்ணாடிக் கம்பிகளைக் கட்டாகச் சேர்த்துச் சூடாக்கி இழுப்பார்கள். அது மெல்லிய குச்சியாக நீளும். அந்தக் குச்சியைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். துண்டுகளை நெருக்கி அடுக்கிச் சூளையில் வைத்தால் உருகி ஒட்டி ஒரே வட்டத் தகடாகிவிடும். அந்தத் தகட்டை ஓர் அச்சின் மேல் வைத்து மறுபடி சூடாக்கினால் இளகித் தொங்கிக் கிண்ணமாகும். பிறகு உள்ளும் புறமும் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

அதற்குப் பிறகு "சூளையிலிருந்து எடுக்கும் முன்" என்று ஒரு வரி ஆரம்பித்தது. அங்கே தாள் கிழிந்திருந்தது. மிச்சம் வேறு யாரோ ஒரு பெண்ணின் வளையலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது.

யவனர்கள் மிளகு வாங்க நம் கரைக்கு வந்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் பையன்கள் தினமும் ஒப்பிப்பதைக் கேட்டிருக்கிறேன். வந்தவர்கள் இந்தப் பக்கம் ஒரு கிண்ணத்தைப் போட்டுவிட்டுப் போயிருந்தால் நான் பார்த்துத் தெரிந்துகொண்டிருப்பேன். மிளகை அள்ளிக்கொண்டு போனதோடு சரி.

எனக்கு மன்னிப்புக் கேட்க வராது. வாயைத் திறந்தால் அது சண்டையாக மாறிவிடும். ஆனால் கை கொஞ்சம் வேலை செய்யும். நான் உடைத்த வளையலை வைத்தே இப்படி ஒரு கிண்ணம் செய்து வளைகாப்பன்று அவள் முன்னால் வைப்பது என்று முடிவு செய்தேன். யோசனை பிரமாதமாக இருந்தது. என் யோசனைகள் எல்லாம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்வரை பிரமாதமாகத்தான் இருக்கும்.

இருந்த துண்டு போதாது. மறுபடி குற்றாலம் போனேன். எல்லா வளையல் கடையிலும் உடைந்ததைப் போட ஒரு தகர டின் இருக்கும்.

"உடஞ்ச வளவி எதுக்கு சார்வாள்?" என்றார் மைதீன் பாய்.

"கிண்ணம் செய்ய. வளைகாப்புக்கு."

பாய் டின்னைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். "சார்வாள், ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கப்படாது..."

"எனக்குத் தெரியும் பாய், டின்னைக் கொடும்."

கொடுத்துவிட்டார். கோபக்காரனுக்கு யாரும் இரண்டாம் தடவை புத்தி சொல்வதில்லை. அதுதான் கோபத்தின் லாபம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

வெண்டைக்காய்

அந்தக் கிண்ணத்தில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. அவ்வளவு சின்னப் பூவை, ஒரே மாதிரி நூறு பூவை, எப்படி வரைந்தான்?

கோமதி இல்லாததால் சமையல் என் தலையில். ஒருநாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நாலைந்து துண்டு விழுந்ததும் கை நின்றது. ஒவ்வொரு துண்டிலும் அதே ஐந்து அறை, அதே விதை, அதே பூ. காம்புப் பக்கம் வெட்டினாலும் பூ, நடுவில் வெட்டினாலும் பூ. வெண்டைக்காய் பூவை வரைவதில்லை. காய் நெடுகப் பூ ஓடுகிறது. நறுக்கினால் தெரிகிறது. கிரேக்கன் செய்ததும் அதுதான். குச்சியின் வயிற்றுக்குள் பூவை நெடுக ஓடவிட்டு நறுக்கியிருக்கிறான்.

அன்று வெண்டைக்காயை வதக்க மறந்து பச்சையாகத் தின்றேன்.

அடுத்த சந்தேகம், அவ்வளவு பெரிய கட்டு மெல்லிசானால் உள்ளே இருக்கும் பூ கலைந்துவிடாதா? இதற்கும் பதில் குற்றாலத்தில்தான் இருந்தது. சவ்வு மிட்டாய்க்காரன் மூங்கில் கம்பின் உச்சியிலிருந்து மிட்டாயை இழுத்தான். கம்பில் கைத்தடிமனாக இருந்த சிவப்பும் வெள்ளையும் அவன் விரலில் நூல்போல வந்தது. நூலிலும் சிவப்பு சிவப்பாக, வெள்ளை வெள்ளையாக இருந்தது. கலையவில்லை, சுருங்கிற்று. பிள்ளைகளுக்கு நடுவில் நின்று நான் மூன்று தடவை மிட்டாய் வாங்கினேன். அவன் எனக்கும் கைக்கடிகாரம் செய்து மணிக்கட்டில் ஒட்டிவிட்டான்.

இசக்கியம்மாள்

இலத்தூரில் குளத்து மண்ணெடுத்துப் பானை செய்யும் வேளார் குடும்பங்கள் உண்டு. இசக்கியம்மாளின் புருஷன் சக்கரம் சுற்றுவார். சூளை அடுக்குவதும் தீ வைப்பதும் திறப்பதும் அவள்தான். நாற்பது வயதிருக்கும். வாய் என்னைவிட நீளம்.

"சட்டி சுடுத எடத்துல வளவியா? நல்லாத்தான் இருக்கு" என்றாள். ஆனால் இடம் கொடுத்தாள்.

குச்சி இழுப்பதில் ஒரு வாரம் போயிற்று. வளையல் துண்டுகளைக் கம்பியால் கட்டி, அவள் அடுப்பில் துருத்தி வைத்து ஊதி, இடுக்கியால் இழுத்தேன். கண்ணாடி மிட்டாய்போல வரவில்லை. ஒன்று சொட்டாக விழும், இல்லையென்றால் காக்காய்க் கால்போல வளைந்து ஒடியும். இரண்டு விரல் வெந்தது. கடைசியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரே ஒரு குச்சி தேறியது. நறுக்கியதில் நாலு பூ. வெண்டைக்காய்ப் பூ மாதிரி இருந்தது என்று சொன்னால் வெண்டைக்காய் கோபித்துக்கொள்ளும்.

நாலு பூவை நடுவில் வைத்து, சுற்றிலும் வெறும் வளையல் துண்டுகளை நெருக்கி, ஓர் ஓட்டின் மேல் அடுக்கினேன். மேலே பெரிய பானையைக் கவிழ்த்து மூடி, இசக்கியம்மாள் தன் சட்டிகளுக்கு நடுவில் வைத்தாள். வைக்கோலும் எருவும் போட்டு மண் பூசி, கும்பிட்டுத் தீ வைத்தாள்.

மறுநாள் மாலை நான் கடப்பாரையோடு மேலே நின்றேன்.

சத்தம்

கடப்பாரை இறங்கியது. மண்பூச்சு பிளந்தது. பானையை இடுக்கியால் தூக்கினேன். உள்ளே தகடு பளபளவென்று முழுசாக, ஒட்டி உருகி, வட்டமாக இருந்தது. நீலமும் பச்சையும் நடுவில் நாலு பூவும். நான் இசக்கியம்மாளைத் திரும்பிப் பார்த்து, "பார்த்தீங்களா" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"டிக்" என்றது.

பிறகு "டிக், டிக்". பிறகு ஓட்டுக்கூரையில் கல்மழை பெய்வதுபோல ஒரு சத்தம். தகடு கண்ணெதிரே நூறாகப் பிளந்தது. ஒரு துண்டு பறந்துவந்து என் முழங்காலில் சுட்டது. குளக்கரைக் குளிர்காற்று சூடான கண்ணாடியில் பட்டால் அப்படித்தான் ஆகும். கிழிந்துபோன அந்த வரி இதைத்தான் சொல்லியிருக்கும்.

பூவில் ஒன்று மட்டும் தப்பியது.

இசக்கியம்மாள் கீழேயிருந்து சொன்னாள். "சட்டியும் நாலுல ஒண்ணு போச்சு வாத்தியாரய்யா. அது கெடக்கட்டும், திரும்பப் பண்ணிக்கிடலாம். உங்க வீட்டம்மா ஏன் ஊருக்குப் போனாவன்னு இப்பம்லா வெளங்குது."

நான் அவளிடம் வீட்டு விஷயம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? கண்ணாடியையா? இறங்கி, குளத்தில் முகத்தைக் கழுவினேன்.

"இன்னொரு தடவ வைக்கலாமா?" என்றேன்.

"வைக்கலாம். ஆனா தீ மூட்டுன பொறவு நீங்க இந்தக் கரைப் பக்கம் வரப்படாது. நான் ஆள் சொல்லி விடுவேன், அப்பந்தான் வாறது. அந்தக் கடப்பாரையும் இங்கன கெடக்கட்டும்."

மறுபடி குச்சி இழுத்தேன். மூன்று பூ தேறியது. தப்பியதோடு நாலு. அடுத்த சூளை மூட்டியபிறகு சாயங்காலமானால் கால் தானாக இலத்தூர் ரோட்டில் நடக்கும். பாதிவழியில் திரும்பிக் குற்றாலம் போவேன். மெயினருவியில் தலையைக் கொடுத்து நிற்பேன். அருவி மண்டையில் ஆயிரம் குட்டு குட்டும். ஹெட்மாஸ்டர், என் அப்பா, கோமதி, இசக்கியம்மாள் எல்லோரும் சேர்ந்து குட்டுவதாக நினைத்துக்கொள்வேன். நாலு நாள் அப்படியே போயிற்று.

ஐந்தாம் நாள் ஆள் வந்தது. தகடு முழுசாக இருந்தது. கையில் எடுத்தபோது ஓடுபோல ஜில்லென்று இருந்தது.

அடுத்தது அதை வளைப்பது. ஒரு சட்டியைக் கவிழ்த்து, சாம்பலைக் கரைத்து அதன்மேல் பூசினாள் இசக்கியம்மாள், கண்ணாடி ஒட்டாமலிருக்க. அதன்மேல் தகடு. இந்தத் தடவை சூளையின் நடுவில் வைக்கவில்லை, ஓரத்தில் வைத்தாள். "உருகவா போறோம், கொழஞ்சாப் போதும்" என்றாள். மறுபடி நாலு நாள், மறுபடி அருவி. மறுபடி நாலு நாள், மறுபடி அருவி.

பிறகு மணலும் தண்ணீரும் வைத்து இரண்டு வாரம் தேய்த்தேன். கிரேக்கக் கிண்ணம்போல் வந்ததா என்று கேட்காதீர்கள். கனமாக, ஒருபக்கம் சாய்ந்து, மழைக்காலக் குளம்போலக் கலங்கிய பச்சையில் இருந்தது. முறுக்கு நூல் விளிம்பு வரவேயில்லை. ஆனால் வெயிலில் பிடித்தால் நடுவில் நாலு பூ தெரிந்தது. நான் செய்ததில் உடையாமல் நின்ற முதல் பொருள்.

தாம்பாளம்

ஆவணியில் வளைகாப்பு. கிண்ணத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, பஸ்ஸில் ஆலங்குளம்வரை மூச்சுவிடாமல் போனேன்.

கோமதி மணையில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம். சுற்றிலும் பெண்கள். தாம்பாளத்தில் புது வளையல்கள் அடுக்கியிருந்தன. நான் நேரே போய் நடுவில் கிண்ணத்தை வைத்தேன்.

"இது என்னது மாப்பிள?" என்றார் என் மாமியார். "ஊறுகாச் சட்டியா?"

"கண்ணாடிக் கிண்ணம், அத்தை. கிரேக்கர்கள் செய்ற மாதிரி. நானே செஞ்சேன். வளையலிலே."

"எந்த வளவியில?"

"அன்னைக்கு உடைஞ்சதுல..."

சொல்லி முடிக்கும்போதே கேட்டுவிட்டது. என் வாய் சொன்னது என் காதிலேயே விழுந்தது. மைதீன் பாய் டின்னைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லவந்ததும் இதுதான் என்று அந்தக் கணத்தில் புரிந்தது.

அறையே எழுந்துவிட்டது.

"உடஞ்ச வளவியா! வயித்துப்பிள்ளக்காரிக்கு வளவி போடுத நேரத்துல உடஞ்ச வளவியக் கொண்டாந்து தாம்பாளத்துல வைக்காரே, இவருக்குப் புத்தி இருக்கா?"

"எட்டி, மொதல்ல அத வெளிய எடு!"

"யாரும் கையால தொடாதீயட்டி!"

பின்வரிசையில் ஒரு பெண் சொன்னாள். "டிராயிங் மாஸ்டருல்லா. மூளையும் படத்துலதான் இருக்கும்."

எனக்குக் காது சுட்டது. மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு மணிநேரப் பேச்சு நாக்கில் வந்து நின்றது, கிரேக்கரிலிருந்து ஆரம்பிக்கும் பேச்சு. கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது.

கோமதியைப் பார்த்தேன். அவள் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். ஒரு கையால் வயிற்றை மூடிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலை, அத்தை" என்றேன். "தப்புத்தான்."

கிண்ணத்தை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். ஐந்துவகைச் சோற்றில் ஒருவகைகூடச் சாப்பிடவில்லை.

மைல்கல்

அந்த வீட்டில் அன்று நான் வாயை மூடிக்கொண்டு வந்ததைக் கோமதி பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். "எதுத்து ஒரு வார்த்த பேசல" என்பாள். கேட்டு நான் பெருந்தன்மையாகத் தலையாட்டுவேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பஸ் ஸ்டாப்பில் வெயில். பஸ் இல்லை. பத்து நிமிஷம் நின்றேன். அந்தப் பின்வரிசைப் பெண்ணின் குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. துண்டை உதறிக் கிண்ணத்தை எடுத்து, ரோட்டோரத்து மைல்கல்லைப் பார்த்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து எறிந்தேன்.

"டங்" என்றது. உருண்டு போய்ச் சாக்கடை ஓரம் கவிழ்ந்தது.

உடையவில்லை. விளிம்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு சில்லு உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான். நாலு நாள் பொறுத்து இசக்கியம்மாள் ஆறவைத்த கண்ணாடி. என் கோபத்தைவிட அது உறுதி.

தேநீர்க் கடையிலிருந்து இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் அதை எடுத்து, வேட்டியில் துடைத்து, மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டேன். அவ்வளவு கேவலமாக நான் எதையும் குனிந்து எடுத்ததில்லை.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. போய்ப் பார்த்தேன். ஆறிய காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். கோமதி வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பங்குனியில் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. குழந்தை குப்புற விழுந்ததைப் பற்றி நாலு வரி. கடைசியில் ஒரு கேள்வி.

"அந்தக் கிண்ணம் இருக்கா? அதையும் எறிந்துவிட்டீர்களா?"

இரண்டு கேள்வி. ஒன்றுக்குத்தான் பதில் எழுதினேன். "இருக்கிறது."

சித்திரையில் வந்தாள். பெட்டியை இறக்கியதும் முதலில் அலமாரியைத்தான் பார்த்தாள். உடைந்த வளையல் வீட்டில் இருக்கக்கூடாது என்று அவள் அம்மா அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டுப் போனார். கோமதி அதில் ஊக்கும் பித்தானும் ஊசியும் போட்டு வைத்தாள். இன்றும் அதில்தான் இருக்கின்றன.

இந்தப் பத்திரிகை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும். எனக்கு முன்னால் அவள்தான் படிப்பாள். மைல்கல்வரை வந்ததும் என்ன செய்வாள் என்று யோசித்துக்கொண்டே இதை எழுதுகிறேன். எழுதும்போது நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தேன். தூசி துடைக்க எடுத்தால் அந்தச் சில்லு போன பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பித்தான் வைப்பாள். வந்த நாளிலிருந்து அப்படித்தான் வைக்கிறாள். எப்படிப் போனது என்று ஒருநாளும் கேட்டதில்லை.